முனியாண்டியின் ஆயுத ஒப்படைப்பு

ஆயுதங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லோரியைப் புக்கிட் ரோத்தான் சந்திக்குச் சற்று முன்னால் போலீஸ் நிறுத்தியது. வழக்கமான சோதனைதான். லைசென்ஸைப் பார்த்தார்கள், சாலை வரியைப் பார்த்தார்கள், கடைசியில் ஓர் இளம் போலீஸ்காரர் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஏழு அரிவாள்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம், மஞ்சள் துணி சுற்றி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, வரிசையாகப் படுத்திருந்தன.

இது என்ன என்று மலாயில் கேட்டார். வண்டி ஓட்டி வந்த அண்ணியின் தம்பி, சாமியுடையது என்றான். எந்தச் சாமி? காவல் சாமி, உங்களைப் போலத்தான், ரோந்து போகும் என்றான். போலீஸ்காரர் அரிவாள்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழம் சாலையில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

முன் இருக்கையில் அண்ணனுக்கும் அவனுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த எனக்குச் சட்டை முழுக்க வியர்வை. ‘ஆயுதக் களைவு’ என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை வெண்பலகையில் எழுதியவன் நான். அதில் எலுமிச்சம்பழம் வரும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ரவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேரமாக அரசியல் பாடம் நடத்துகிறேன். பகுதிநேரம் என்பது கல்லூரி வைத்த பெயர். மீதி நேரத்திலும் எனக்கு வேறு வேலை இல்லை என்பது என் மனைவி கண்டுபிடித்தது. அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: உள்நாட்டுப் போர் முடிந்த நாடுகளில் ஆயுதக் குழுக்கள் எப்படி அரசியல் கட்சிகளாக மாறுகின்றன. மாணவர்கள் கணக்கியல் படிக்க வந்தவர்கள். கட்டாயப் பாடம் என்பதால் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் நேபாளம், மொசாம்பிக், எல் சால்வடோர் என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கைப்பேசியில் மதியச் சாப்பாடு தேடிக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கியைக் கீழே வைப்பது சுலபம், வைத்த பிறகு கையை எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம் என்று நானே யோசித்து ஒரு வரி வைத்திருந்தேன். ஒவ்வொரு படிப்புத் தவணையும் சொல்வேன். இதுவரை ஒருவரும் எழுதிக்கொண்டதில்லை.

என் அண்ணன் இந்தப் பாடத்தைப் படித்தவர் அல்ல. நடத்தியவர்.

நாங்கள் பிறந்து வளர்ந்த கம்பெனித் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கும் கோலா சிலாங்கூருக்கும் நடுவில் இருந்தது. விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்குப் பக்கத்திலேயே தாமான் என்ற புதுக் குடியிருப்புக் கட்டிக் கொடுத்தார்கள், மாரியம்மனுக்கும் ஒரு நிலம் ஒதுக்கினார்கள். அதுவரை பிரச்சினை இல்லை. புதுக் கோயிலில் அம்மனுக்குக் கருவறை, பிள்ளையாருக்கு ஒரு மாடம், முனியாண்டிக்கு ஓர் அறை. டைல்ஸ் ஒட்டி, கிரில் கதவு போட்டு, மேலே டியூப் லைட் மாட்டிய அறை. பக்கத்து அறை கழிவறை.

முனியாண்டி எல்லையில் நிற்கிற சாமி. மழையிலும் வெயிலிலும் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும், கூரை ஆகாது, கதவு ஆகவே ஆகாது. சுருட்டும் கறுப்பு பீரும் படைத்து, நேர்ந்துகொண்டவர்கள் மண்ணில் ஊன்றிவிட்டுப் போகும் அரிவாள்தான் அவருக்குக் கோயில், சிலை, எல்லாம். அண்ணன் அப்போது எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, காவல்காரனை லாக்கப்பில் போட்டுவிட்டுக் காவல் யார் செய்வது என்று கேட்டார். கோயில் தலைவர், கட்டட வரைபடம் ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்டது என்றார். தலைவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி வீட்டுப் பிள்ளை, நாங்கள் லயத்துப் பிள்ளைகள். வரைபடம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் அன்றைக்குச் சரியாக இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அரிவாள்கள் ஏழும் அண்ணனுடைய லோரியில் ஏறின. ஆற்றங்கரைப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய செம்பனை நிலத்தில், ஒரு மரத்தடியில் ஊன்றப்பட்டன. பின்னாலேயே முப்பது நாற்பது குடும்பங்கள் போயின. போர் தொடங்கிவிட்டது.

ஏழெட்டு வருடம் நடந்தது. ஒரே நாளில் இரண்டு திருவிழா, இரண்டு ஊர்வலம், ஒரே சாலையில் இரண்டு தண்ணீர்ப் பந்தல். இந்தப் பக்கம் மோர் குடித்தவர் அந்தப் பக்கம் நீராகாரம் குடிக்க மாட்டார். யாரும் யாரையும் அடித்ததில்லை. எங்கள் ஆள்களுக்கு, அதாவது அண்ணன் இன்றுவரை ‘நம்ம பசங்க’ என்று சொல்லும், பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி இருக்கும் அந்த ஆள்களுக்கு, ஒரே ஓர் ஆயுதம்தான் தெரியும். வெளிநடப்பு.

தலைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “கேக்குதா?” என்பார். கல்யாணமோ காதணி விழாவோ தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்போ, அந்த இரண்டு தட்டுக் கேட்டதும் அண்ணன் எழுவார். அண்ணன் எழுந்தால் நாற்காலிகள் தரையில் கீச்சிடும், மொத்தப் படையும் வாசலுக்கு நடக்கும். வருடம் ஆக ஆக அதில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்தில் பின்வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தவர்கள்கூட, மேடையைப் பார்க்காமலே, தட்டுச் சத்தத்துக்குத் தட்டோடு எழுந்தார்கள். ஒருவர் கோழிக்காலை வாயில் வைத்துக்கொண்டே போனார். நான் நடுநிலைக்காரன். ஆனால் அண்ணனுடைய காரில் வந்தவன், அவர் போய்விட்டால் எனக்குத் திரும்ப வண்டி கிடையாது. அதனால் நானும் எழுந்து போவேன். உலகத்தில் பல பேருடைய கொள்கை இப்படித்தான் உருவாகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சமாதானம் பெரிய மனதால் வரவில்லை. ஆள் இல்லாமல் வந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ரவாங் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்கிவிட்டார்கள். கடைசித் திருவிழாவில் எங்கள் பக்கம் அன்னதானம் மிஞ்சியது, அந்தப் பக்கமும் மிஞ்சியது. மிஞ்சிய இரண்டு சாம்பாரும் ஒரே கால்வாயில் போய்க் கலந்தன. முதல் பேச்சுவார்த்தை அதுதான் என்பேன். அதோடு செம்பனை நிலத்துக்காரர், பிள்ளைகள் நிலத்தை விற்கச் சொல்கிறார்கள், முனியாண்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

புக்கிட் ரோத்தானில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் இருதரப்பும் சந்தித்தது. நடுநிலை மண் வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தலைவர் தே ஓ கொசோங் கேட்டார், சர்க்கரையே போடாத வெறும் தேநீர். அண்ணனும் அதையே கேட்டார். இரண்டு பேருக்கும் இனிப்புநீர் வியாதி. இத்தனை வருடம் ஒரே கிளினிக்கில் வேறு வேறு கிழமையில் மருந்து வாங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஒரே திருவிழா. முனியாண்டிக்குக் கோயில் வேலியோரமாகத் திறந்த இடம், கூரை கிடையாது. எங்கள் ஆள்களுக்கு முழு உறுப்பினர் உரிமை, ஆண்டுக் கூட்டத்தில் அண்ணன் தலைவர் பதவிக்கு நிற்கலாம். ஆனால் அரிவாள்கள் தேர்தலுக்கு முன்பே கோயிலுக்கு வந்துவிட வேண்டும்.

காரில் திரும்பி வரும்போது அண்ணன்தான் ஓட்டினார். ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“டேய், சாமானைக் குடுத்துட்டு ஓட்டுல தோத்துட்டா, அப்புறம் நான் யாருடா?”

எனக்கு அது ஒரு தேர்வுக் கேள்வி மாதிரிதான் கேட்டது. உடனே நேபாளத்தைச் சொன்னேன். அங்கே போராளிகள் ஆயுதங்களைக் கொண்டுவந்து பெரிய பெரிய பெட்டகங்களில் பூட்டினார்கள், கண்காணிக்க வெளியாட்கள் இருந்தார்கள், ஆனால் சாவி போராளிகளிடமே இருந்தது. ஒப்படைத்த மாதிரியும் ஆயிற்று, கையில் இருக்கிற மாதிரியும் ஆயிற்று.

அண்ணனுக்குத் தெரிந்த நேபாளிகள் ஃபேக்டரி வாசலில் நிற்கும் காவலாளிகள்தான். அவர்கள்மேல் அன்றைக்குப் புது மரியாதை வந்துவிட்டது. “பொழைக்கத் தெரிஞ்சவனுங்க லா,” என்றார். மறுநாளே தலைவரிடம் பேசி முடித்துவிட்டார். அரிவாள்கள் கோயில் ஸ்டோர் அறையில் இருக்கும். பூட்டு அண்ணனுடையது, சாவியும் அண்ணனுடையது. தேர்தல் முடிந்த வெள்ளிக்கிழமை அவரே திறந்து, வேலியோரமாக ஊன்றுவார். ஒரு சண்டையை மறுபடி தொடங்கத் தேவையான வசதியை இவ்வளவு அழகாகச் செய்துகொடுத்தவன் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கலும்பாங்கிலிருந்து தலைவரின் சொந்தக்காரர்களை வேனில் கொண்டுவந்து கடைசி நேரத்தில் இறக்குவார்கள் என்று அண்ணனுக்கு ஒரு சந்தேகம். நான் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: வாக்களிப்பு தொடங்கியதும் வாசல் கேட்டைப் பூட்ட வேண்டும், எண்ணி முடியும்வரை ஒருவரையும் உள்ளே விடக் கூடாது. தலைவர் தரப்பு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் என் எழுத்தை ஏற்றுக்கொண்டவர்கள் வாழ்க்கையில் அவர்கள் மட்டும்தான்.

அந்தப் போலீஸ் சோதனையைத் தாண்டி வந்த அரிவாள்கள் ஸ்டோருக்குள் போய்ப் பூட்டு விழுந்த நாளிலிருந்து அண்ணனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஓட்டுக் கேட்கப் போக வேண்டும். நான் ரவாங்கிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வந்து அவரை வீடு வீடாக அழைத்துப் போனேன். தாமானில் முதல் வீட்டில் காப்பி குடித்தார், தலைவரைத் திட்டினார், முனியாண்டிக்கு நடந்த அநியாயத்தை முதலிலிருந்து சொன்னார், எழுந்து வந்துவிட்டார். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்.

“ஓட்டுப் போடுங்கன்னு கேட்டீங்களா?”

“அது அவுங்களுக்கே தெரியும்.”

“தெரியாது. எனக்கு நீங்க கட்டிக்கிறேன்னு சொன்ன வரைக்கும் தெரியல.”

அண்ணன் மறுநாள் கேட்டுப் பார்த்தார். கேட்கும்போது குரல் உள்ளே போய்விட்டது. இத்தனை வருடம் எழுந்து போகச் சொல்லியே பழகிய ஆள், எனக்காக வந்து ஓர் இடத்தில் உட்காருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசித் தெருவில் ஒரு பெண், எங்களோடு லயத்தில் வளர்ந்தவர், கையில் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, சாமி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தக் கோயில் கழிவறைக்கு எப்போது தண்ணீர் வரும் என்றார். விசேஷ நாளில் வயசானவர்கள் வீட்டுக்கு ஓடி வர வேண்டியிருக்கிறதாம்.

காரில் ஏறியதும், “நான் முனியாண்டியப் பத்திப் பேசப் போனா இவ கக்கூஸப் பத்திப் பேசுறா,” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “ஏன் தண்ணி வரல?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேருமே அந்தக் கோயிலுக்குள் இத்தனை வருடத்தில் கழிவறைவரைக்கும் போனதில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கும் நிலைகொள்ளவில்லை. வகுப்பில் மொசாம்பிக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே போராளிக் குழு கட்சியாகி, நாடாளுமன்றத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்த பிறகும் அதன் தலைவர் மறுபடி காட்டுக்குப் போய்விட்டார் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அங்கோலாவில் ஓட்டு எண்ணி முடித்த கையோடு போர் திரும்ப வந்தது. எல் சால்வடோரில் தோற்றுத் தோற்று, உட்கார்ந்த இடத்தை விடாமல், வெகு காலம் கழித்து ஜெயித்தார்கள். என் அண்ணன் இதில் எந்த நாடு என்று தெரியாமல் நான் கையில் மார்க்கரோடு நின்றேன். ஒரு மாணவி, “சார், ஓகேவா?” என்றாள். ஓகே என்றேன்.

ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். நம்ம பசங்க அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ரவாங்கிலிருந்து மூன்று கார், சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு வேன். அண்ணியின் தம்பி லோரியில் ஒரு கூட்டத்தை ஏற்றி வந்து, கோயிலுக்கு எதிரே நிறுத்தியிருந்தான். வந்தவர்களை நான் கண்ணால் அளந்து பார்த்தேன். எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது. அண்ணனும் பார்த்தார், வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டார். இடுப்பில் ஸ்டோர் சாவி தொங்கியது.

கோயில் மண்டபத்தில் வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள். அண்ணனை மேடையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கணக்கு வாசித்தார்கள். செயலாளர் எழுந்து, இனி வாக்களிப்பு, அதற்கு முன் தலைவர் ஒரு வார்த்தை பேசுவார் என்றார். பிற்பாடு தெரிந்தது, அந்த ஒரு வார்த்தை அண்ணனைப் பற்றியதாம். இத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் ஒரு துளிகூட வன்முறையில்லாமல் நடந்துகொண்டவர் என்று பாராட்டி எழுதி வைத்திருந்தாராம்.

தலைவர் மைக்கை வாங்கினார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“கேக்குதா?”

இடது பக்கம் முழுக்க எழுந்தது. நாற்காலிகள் கீச்சிட்டன. யாரும் யோசிக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. நடந்தார்கள். வெளிநடப்பு செய்பவர் தேர்தலில் தோற்பார் என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லிவிட்டு வந்த நானும் நடந்துகொண்டிருந்தேன். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் அண்ணன் நின்றார், அவரும் ஒரு காலில் செருப்பைப் போட்டுவிட்டார்.

ரோட்டுப் பக்கம் போய், வழக்கம்போல வட்டமாக நின்று, ஒருவர் சிகரெட் எடுத்த பிறகுதான், “ஏண்ணே, ஓட்டு?” என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினோம். செயலாளர் வாக்களிப்பு தொடங்கிவிட்டதாகச் சொல்லிக் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். விதிப்படி.

கேட்டுக் கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. வலது பக்கம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தது. தலைவர் பாராட்டுரைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மைக் வயர் இழுபடும் தூரம்வரை வந்துவிட்டு, பிறகு மைக்கை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கேட்டுப் பக்கம் நடந்து வந்தார்.

“என்னாப்பா இது? தெறக்கச் சொல்றேன், உள்ள வாங்க.”

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்தால் உள்ளே போகலாம், ஓட்டுப் போடலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். பின்னால் பசங்க தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

“வேணாம்,” என்றார் அண்ணன். “ரூலு நம்ம போட்டது.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்த கொன்றை மரத்தைப் பார்த்தேன்.

வாக்களிப்பு சீக்கிரம் முடிந்தது. முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள், தெரு முழுக்கக் கேட்டது. அண்ணனுக்கும் சில ஓட்டு விழுந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. துடைப்பத்துக்காரப் பெண் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

கேட்டைத் திறந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. அண்ணியின் தம்பி ஏற்கெனவே லோரியை எடுத்து, கோயில் பின்பக்கம் ஸ்டோர் அறைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, இஞ்சினை ஓட விட்டுவிட்டு ஓடி வந்தான். பசங்களில் நாலைந்து பேர் பின்னால் ஏறிவிட்டார்கள்.

“மச்சான், சாவி இருக்குல்ல? அஞ்சு நிமிசம். இவனுங்க பார்க்குறதுக்குள்ள ஏத்திடலாம்.”

“நெலந்தான் இல்லையே,” என்றார் ஒருவர்.

“நெலம் பாத்துக்கலாம்லா. மொதல்ல சாமான்.”

அண்ணனுடைய கை இடுப்புக்குப் போனது. என் தலைக்குள் அங்கோலா ஓடியது. ஏதாவது சொல்ல வேண்டும், நன்றாக ஒரு வரி சொல்ல வேண்டும் என்று தேடினேன். துப்பாக்கி, கை என்று நான் யோசித்து வைத்திருந்த வரி நினைவுக்கு வந்தது, அந்த இடத்தில் அதைச் சொன்னால் அடி விழும் என்றும் தெரிந்தது. லோரிப் புகை மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே செயலாளர், அடுத்து இதர விவகாரங்கள் என்றார். ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

“இதர விவகாரம்னா என்னாடா?” என்று அண்ணன் கேட்டார். கேட்டது என்னை. கை இன்னும் சாவி மேல்தான் இருந்தது.

“யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் கேக்கலாம்.”

“தோத்தவனுமா?”

“தோத்தவங்கதான் கேப்பாங்க.”

அண்ணன் சாவியிலிருந்து கையை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். மேடைக்குப் போகவில்லை. இடது பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பசங்க கேட்டில் நின்று பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னால், தூணோரமாக நின்றேன்.

தலைவர் அவரைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார். பழக்கதோஷம், இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணனுடைய முழங்கால் இரண்டும் எழுந்தன. அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியும் அவரும் கொஞ்சம் ஆடி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். பிறகு மற்றக் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

“சொல்லுங்க,” என்றார் தலைவர்.

அண்ணன் எழுந்து நின்றார். வலது பக்கம் மொத்தமும் திரும்பியது. முனியாண்டி என்று தொடங்குவார் என்று நான் நினைத்தேன். எல்லோரும் நினைத்தார்கள்.

“அந்தக் கழிவறைக்கு ஏன் தண்ணி வரல?”

பின்பக்கம் லோரி இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தலைவர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். பைப்பில் ஏதோ பிரச்சினை, கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று தலைவர் சொன்னார்.

அண்ணன் உட்காரவில்லை. “எப்ப?”

“அடுத்த கூட்டத்துல பதில் சொல்றோம்.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

தலைவர் ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார், முகத்தில் எரிச்சல்.

“போயி அந்த இஞ்சின நிப்பாட்டச் சொல்லு. ஒரு மண்ணும் கேக்கல.”

நான் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். அண்ணியின் தம்பி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஏறியவர்கள் ஏறியபடியே நின்றார்கள்.

“மச்சான் என்னா சொல்றாரு? போறமா இல்லையா?”

“கூட்டம் இன்னும் முடியல,” என்றேன்.

அவன் இஞ்சினை நிறுத்தவில்லை. நான் கதவு வழியாகக் கையை விட்டுத் திருப்பி, சாவியை உருவிக்கொண்டேன். லோரி ஒரு முறை குலுங்கி அடங்கியது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் மெல்லக் கீழே இறங்கினார். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறேன், கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். முனியாண்டிக்காக இத்தனை வருடம் வெயிலில் நின்றவர், அவருக்கும் அது தெரியாது.

“அந்த டைல்ஸ் ரூமுக்குப் பக்கத்துல. ஆனா தண்ணி வராது.”

“ஏன் வராது?”

“அதத்தான் உள்ள கேட்டுக்கிட்டு இருக்காரு.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மண்டபத்துப் பக்கம் நடந்தார். மற்றவர்கள் லோரியிலேயே நின்றார்கள். அண்ணியின் தம்பி ஜன்னல் வழியாக என்னிடம் கையை நீட்டி, சாவியைக் கொடுங்கள் அண்ணே, கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.